கன்று எந்தப் பருவத்தில் விழ வேண்டும்? குவாசூலு-நட்டால் குடும்பப் பண்ணைகளுக்கு மூன்று வழிகள்

காளையை மந்தைக்குள் விடும் நாளில்தான் கன்று பிறக்கும் மாதம் முடிவாகிறது. பசுவின் சினைக்காலம் சராசரியாக 283 நாள். நவம்பர் 22 வாக்கில் காளையை விட்டால் முதல் கன்றுகள் செப்டம்பர் 1 வாக்கில் விழும். ஜூன் 5 வாக்கில் விட்டால் மார்ச் நடுவில் விழும். காளை வருடம் முழுக்க மந்தையோடு நின்றால் எந்த மாதமும் விழும், எந்த இரவும் விழும். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் மாடு வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு உள்ள வழிகள் இந்த மூன்றுதான்: வசந்தத்தில் ஈன வைப்பது, இலையுதிர் காலத்தில் ஈன வைப்பது, காலம் பார்க்காமல் விட்டுவிடுவது. (வெளிநாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு: இங்கே செப்டம்பர் வசந்தம், ஜூலை நடுக்குளிர். மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை.)

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து டர்பனில் இறங்கியவர்களின் வழியில் வந்த பலருக்கு நிலம் என்றாலே கரும்புதான். மாடு என்பது வீட்டுக்குப் பின்னால் பாலுக்காகக் கட்டியிருந்த ஒன்றிரண்டு. இன்று கரும்பு நிலத் துண்டோடு இருபது, நாற்பது மாடுகளையும் சேர்த்து நடத்தும் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டில் ஒருவருக்காவது டவுனில் வேலை. பண்ணையில் முழுநேரமும் நிற்பது வயதான ஒருவரும், சம்பளத்துக்கு ஒரு ஆளும். நான் எழுதுவது இப்படிப்பட்ட பண்ணைகளுக்காக. ஆயிரம் மாடும் இரவுக் காவலுக்குத் தனி ஆளும் வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்நாட்டு மேட்டு நிலத்தில், அதாவது ஹோவிக், மூய் ரிவர், அண்டர்பர்க் பக்கம், செப்டம்பர் நடுவில் தொடங்கி ஒன்பது வாரத்துக்குள் எல்லாக் கன்றும் விழுந்துவிட வேண்டும். ஸ்டாங்கர், டொங்காட் போன்ற கடலோரக் கரும்பு நிலத்தில் தண்ணீரும் குளிர்காலப் புல்லும் இருந்தால் மார்ச், ஏப்ரல் ஈற்றும் நல்ல வழிதான். பத்து மாட்டுக்குக் குறைவாக, வீட்டுப் பாலுக்காக வைத்திருப்பவர்கள் காலம் பார்க்க வேண்டியதில்லை.

பலரும் இந்தக் கேள்வியைச் சந்தை விலையிலிருந்து தொடங்குகிறார்கள். நான் கன்றின் முதல் ஆறு மணி நேரத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதல் ஆறு மணி நேரம்

கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்ட இல்லை. தாயின் நஞ்சுக்கொடி வழியாக அது போவதில்லை. எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். கன்றின் குடல் அந்தச் சத்தை அப்படியே ரத்தத்துக்குள் விடும் காலம் மிகக் குறுகியது. பிறந்த உடனே அது உச்சத்தில் இருக்கிறது, மணிக்கு மணி குறைகிறது, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால், முதல் ஆறு மணி நேரத்துக்குள் என்று சொல்கிறார்கள். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர்.

நல்ல பசுவும் நல்ல கன்றும் இதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் கன்று எழுந்து நிற்கும், இரண்டு மணி நேரத்துக்குள் காம்பைக் கண்டுபிடிக்கும். நாம் தூரத்தில் நின்று பார்த்தால் போதும். ஆனால் பத்தில் ஒன்று அப்படி நடக்காத கன்றாக இருக்கலாம். தலையீற்றுக் கிடேரி பயந்து ஒதுங்கும். காம்பு பெரிதாக வீங்கியிருக்கும். ஈற்று நீண்டுபோனதில் கன்று சோர்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் அங்கே ஒரு மனிதர் இருந்தாரா என்பதில்தான் அந்தக் கன்றின் உயிர் இருக்கிறது.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்துவிட்டு, ஒரு வைக்கோல் துரும்பை மூக்குக்குள் விட்டால் தும்மி மூச்சு இழுக்கும். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வெளியே வடிவது பெரும்பாலும் வயிற்றிலிருந்து வரும் நீர், நெஞ்சு அமுங்கி மூச்சுதான் கஷ்டமாகும். பக்கவாட்டில் விழுந்து கிடக்கும் கன்றை மார்பின் மேல் உட்கார வையுங்கள், இரண்டு நுரையீரலும் விரியும். தொப்புள்கொடியை அயோடினில் முக்குங்கள். இளங்கொடி விழாமல் தொங்கினால் இழுக்காதீர்கள். 12 மணி நேரம் தாண்டியும் விழவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் முக்கியும் முன்னேற்றம் இல்லை என்றாலும் அப்படித்தான்.

சீம்பாலைக் கையிருப்பில் வைப்பது அவசியம். நிறைய ஈற்று கண்ட உங்கள் சொந்தப் பசுக்களிடமிருந்து, புருசெல்லோசிஸ் (கருச்சிதைவு நோய்) இல்லை என்று பரிசோதித்தவற்றிடமிருந்து, கன்று குடித்தது போக மிச்சத்தை எடுத்து உறைய வைக்கலாம். மைனஸ் 20 டிகிரியில் ஒரு வருடம் தாங்கும். மின்வெட்டில் ஃப்ரீசர் உருகி மறுபடி உறைந்திருந்தால் அதை நம்பாதீர்கள். உருக்கும்போது தண்ணீர் 50 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காக்க வேண்டிய அந்தச் சத்தே கெட்டுவிடும்.

ஆக, நான் ஒவ்வொரு பருவத்திடமும் கேட்கும் கேள்வி இது: அந்த மாதத்தில் பசுவின் மடியில் சீம்பால் இருக்குமா, கன்று படுக்கக் காய்ந்த இடம் இருக்குமா, பக்கத்தில் ஒரு ஆள் இருப்பாரா?

வசந்த ஈற்று: செப்டம்பர், அக்டோபர், நவம்பர்

மேட்டு நிலத்தின் புல்லை இங்கே சவர்வெல்ட் என்பார்கள். கோடையில் நன்றாக இருக்கும், குளிர் தொடங்கியதும் சத்தெல்லாம் வேருக்கு இறங்கிவிடும். ஜூன், ஜூலையில் நிற்கும் மஞ்சள் புல்லில் புரதம் 3, 4 சதவீதம்தான். பால் வற்றிய பசுவுக்கே 7 சதவீதம் வேண்டும். பால் கொடுக்கும் பசுவுக்கு 10-க்கு மேல். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் முழு விவாதமும் நிற்கிறது.

வசந்த ஈற்றின் பலம், பசுவின் தேவை ஏறும்போது புல்லும் ஏறுவது. ஈன்று ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்கு வரும். செப்டம்பர் நடுவில் ஈன்ற பசுவுக்கு அந்த உச்சம் நவம்பரில். அப்போது மழை பெய்து பச்சை நிறைந்திருக்கும். மறுபடி காளை சேரும் டிசம்பர், ஜனவரியிலும் அதே பச்சை. வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் 365-இல் 283 போக மிச்சம் 82 நாள்தான். அதில் கருப்பை பழைய நிலைக்குத் திரும்பவே 40 நாள் ஆகும். இந்தக் குறுகிய இடைவெளியில் பசு எடை இழக்காமல் இருந்தால்தான் சினைப்பருவத்துக்கு வரும். அதை இலவசமாகத் தருவது இந்தப் பருவத்தின் புல் மட்டுமே.

அதன் பலவீனம் ஈற்றுக்கு முந்திய மூன்று மாதம். வயிற்றுக் கன்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு கடைசி மூன்று மாதத்தில் கூடுகிறது. வசந்த ஈற்றில் அந்த மாதங்கள் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். புல் மிக மோசமாக இருக்கும் நேரம். அதற்காகத்தான் லிக் (மாடு நக்கித் தின்னும் கலவை) வைக்கிறோம்: உப்பு, யூரியா, மொலாசஸ், கொஞ்சம் சோளமாவு. காய்ந்த புல்லை வயிறு செரிக்க அது உதவும். மழைநீர் தேங்கிய லிக் தொட்டி மாட்டைக் கொல்லும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். யூரியா கரைந்த நீரை ஒரு மாடு குடித்தால் மணிக்கணக்கில் முடிந்துவிடும். தொட்டிக்கு அடியில் ஓட்டை போட்டு, சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும்.

லிக்கை மட்டும் நம்பி ஆகஸ்டில் பசுவைத் தேற்ற முடியாது. உடற்கட்டை ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பிடுவார்கள். ஈனும்போது 3 இருக்க வேண்டும். இதை மார்ச், ஏப்ரலிலேயே பாருங்கள். விலா எலும்பு தெரிகிற பசுவின் கன்றை அப்போதே பிரித்துவிட்டால், குளிருக்கு முன் இருக்கும் பச்சையில் அவள் தேறிவிடுவாள். மெலிந்த பசுவின் சீம்பாலும் கன்றின் தெம்பும் சேர்ந்தே குறையும்.

இதே காரணத்தால்தான் ஆகஸ்டில் தொடங்க வேண்டாம் என்கிறேன். இங்கே பல பண்ணைகள் ஆகஸ்டில் தொடங்குகின்றன. முன்னால் பிறந்த கன்று ஏப்ரலில் அதிக எடையோடு சந்தைக்குப் போகும் என்பது அவர்கள் வாதம், அது உண்மையும்கூட. ஆனால் மழை அக்டோபரில்தான் வரும், அதுவரை ஆகஸ்டில் ஈன்ற பசு ஆறு, ஏழு வாரம் காய்ந்த புல்லில் பால் கொடுக்க வேண்டும். கொள்முதல் தீவனத்துக்குக் காசு இருக்கும் பண்ணைக்கு அது சரி. நமக்குச் சரிப்படாது. டிசம்பர் 6 வாக்கில் காளையை விட்டு, தைப்பூசக் காவடி முடிகிற வாக்கில், பிப்ரவரி தொடக்கத்தில் பிரித்துவிட்டால், புரட்டாசி பிறக்கும்போது கன்று விழத் தொடங்கி நவம்பர் நடுவில் முடிந்துவிடும். கிடேரிகளை மட்டும் மூன்று வாரம் முன்னால் சேர்க்க வேண்டும், அவை மட்டும் ஆகஸ்ட் கடைசியில் ஈனத் தொடங்கும். முதல் ஈற்றுக்குப் பிறகு அவை சினைப்பருவத்துக்குத் திரும்பக் கூடுதல் நாள் எடுக்கும். அந்த நாளை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். அதோடு முதல் சில வாரம் கவனம் முழுக்கக் கிடேரிகள் மேல் வைக்கலாம், சிக்கல் வருவது அவற்றிடம்தானே.

செப்டம்பருக்கு இன்னொரு நன்மை இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. மாலையில், இருட்டும் நேரத்தில் தீவனம் வைத்தால் பெரும்பாலான பசுக்கள் பகலில் ஈனும். கனடாவில் மனிடோபா மாகாணத்து மாட்டுக்காரர் ஒருவர் கவனித்துச் சொன்னது, பிறகு பல நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். இது வேலை செய்ய வேண்டுமானால் பசு நம் கையிலிருந்து தின்ன வேண்டும். செப்டம்பரில் அவை இன்னும் வைக்கோலுக்கு வரும். மார்ச்சில் பச்சைப் புல்லில் நிற்கும் பசு நாம் தீவனம் வைக்கும் நேரத்துக்கு வராது. இரவில் ஒரே ஆள் உள்ள வீட்டுக்கு இது பெரிய உதவி.

குளிரை மறைக்கக் கூடாது. 2024 செப்டம்பர் 20, 21-இல் வான் ரீனன் கணவாயிலும் சுற்றுப்புறத்திலும் விழுந்த பனியில் என்3 நெடுஞ்சாலையே மூடப்பட்டது. டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்தில் அந்த வாரம் பிறந்த ஈரக் கன்றின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஈனும் கேம்ப்புக்கு (வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்) தென்மேற்குக் காற்றைத் தடுக்கும் மரவரிசையோ மேடோ இருக்க வேண்டும். குளிர்ந்துபோன கன்றை பக்கியில் (பிக்கப் வண்டி) தூக்கி வந்து, 38 முதல் 40 டிகிரி வெந்நீரில் கழுத்துவரை வைத்து, நன்றாகத் துவட்டி, சூடான சீம்பால் கொடுத்து, உடனே தாயிடம் விட வேண்டும். தாமதித்தால் தாய் ஏற்காமல் போகலாம்.

அக்டோபரில் இடியும் மழையும் தொடங்கும். சேற்றில் பிறக்கும் கன்றுக்குக் கழிச்சல் வரும். அதைக் கீழே சொல்கிறேன்.

இலையுதிர் ஈற்று: மார்ச், ஏப்ரல்

இதை ஆதரிப்பவர்களிடம் வலுவான காரணங்கள் உண்டு, அவற்றை லேசாகத் தள்ளக் கூடாது. மார்ச்சில் பசு வருடத்திலேயே நல்ல உடற்கட்டில் இருக்கும். கோடை முழுக்க மேய்ந்திருப்பாள். சீம்பால் கெட்டியாக வரும். மழை ஓய்ந்து தரை காய்ந்துகொண்டிருக்கும். வெயிலும் இதமாக இருக்கும். பிறந்த கன்றுக்கு அதைவிட நல்ல வாரங்கள் இந்த ஊரில் இல்லை.

விற்பனையும் இதன் பக்கம். வசந்தத்தில் பிறந்த கன்றுகளை ஏழு மாதத்தில் பிரித்தால் ஏப்ரல் ஆகிவிடும். மாகாணம் முழுக்க அப்போதுதான் பிரிக்கிறார்கள். சந்தையில் கன்று குவியும். மார்ச் கன்று அக்டோபரில் தயாராகும், அப்போது வரத்து குறைவு. இதைவிட முக்கியமானது கோமாரி. 2021 மே மாதம் நம் மாகாணத்தில் கோமாரி தலைகாட்டிய பிறகு மாடு நகர்த்துவதில் கட்டுப்பாடு மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் நாடு முழுக்க மாட்டு நடமாட்டத்தை 21 நாளுக்கு நிறுத்தினார்கள். ஏப்ரலில் பிரித்த கன்றை விற்க முடியாமல் போனால் முழுக் குளிர்காலத்துக்கும் தீவனம் வாங்கிப் போட வேண்டும். அக்டோபரில் பிரித்த கன்றை விற்க முடியாவிட்டால் புல்லில் விட்டுவிடலாம், காத்திருக்கும்போதே எடை ஏறும். கட்டுப்பாட்டுப் பகுதியில் இருப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் எல்லாருக்கும் இதையே சொல்லவில்லை? ஜூன் மாதம் காரணம். மார்ச்சில் ஈன்ற பசு ஜூன், ஜூலையில் கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே மறுபடி சினையாக வேண்டும். மேட்டு நிலத்தில் அப்போது உறைபனி. பச்சை எங்கும் இல்லை. பசு தன் உடலைக் கரைத்துப் பால் கொடுப்பாள், சினைப்பருவம் நின்றுவிடும். முதல் வருடம் அழகான கன்றுகள் கிடைக்கும், அடுத்த வருடம் பாதிப் பசு வெறுமையாக நிற்கும். தண்ணீர் பாய்ச்சி வளர்த்த ரைகிராஸ் என்ற குளிர்காலப் புல் இருந்தால் மட்டுமே இதைத் தாண்ட முடியும். அதற்குப் பம்பு, மின்சாரம், உரம், வேலி எல்லாம் வேண்டும்.

கடலோரத்தில் கதை வேறு. உறைபனி இல்லை. அதோடு நம்மிடம் கரும்பு இருக்கிறது. கரும்பு வெட்டு ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை போகும். புல் இல்லாத மாதங்கள் முழுக்கக் கரும்புத் தோகையின் பச்சை நுனி கிடைக்கிறது. எரிக்காமல் வெட்டும் தோட்டத்தில்தான் நல்ல நுனி அதிகம் கிடைக்கும். மாடு அதை விரும்பித் தின்னும், வயிறு நிறையும், ஆனால் புரதம் குறைவு. பால் கொடுக்கும் பசுவுக்கு அதோடு பிண்ணாக்கோ, லூசர்ன் (குதிரைமசால்) வைக்கோலோ சேர்க்காமல் விடக் கூடாது. சேர்த்தால், பங்குனி சித்திரை ஈற்று கடலோரக் கரும்புக் குடும்பத்துக்கு நன்றாகவே பொருந்தும்.

அங்கே கவனிக்க வேண்டியது உண்ணி. வெதுவெதுப்பான தாழ்நிலத்தில் பொன்ட் உண்ணி ஹார்ட்வாட்டர் நோயைக் கொண்டுவரும். வளர்ந்த பொன்ட் உண்ணி கோடையில்தான் அதிகம், மடியிலும் காம்பிலும் கூட்டமாக ஒட்டும். அதன் வாய் நீளம், கடித்த இடம் புண்ணாகிக் காம்பு அடைத்துப்போகும். கோடை முடிந்து மார்ச்சில் ஈனும் பசுவுக்கு நான்கில் இரண்டு காம்பு போயிருந்தால் கன்றின் முதல் ஆறு மணி நேரம் என்னவாகும்? ஆகவே ஜனவரியிலிருந்து சினைப்பசுக்களின் மடியைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஈன்ற பிறகு அல்ல, முன்னால்.

கன்றுக்கு இயற்கையே ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. ஹார்ட்வாட்டருக்கு ஏறக்குறைய முதல் நான்கு வாரமும், ரெட்வாட்டர் என்ற இன்னொரு உண்ணி நோய்க்கு ஆறு முதல் ஒன்பது மாதம் வரையும் கன்றுக்கு வயதினாலேயே தாங்கும் சக்தி உண்டு. அந்தக் காலத்தில் கொஞ்சம் உண்ணி கடித்தால் நோய் தெரியாமலே எதிர்ப்பு வந்துவிடும். உண்ணியே படக் கூடாது என்று பிறந்த வாரத்திலிருந்து மருந்தடிப்பது பின்னால் கெடுதலாக முடியும். பிரிட்டோரியா பக்கத்து ஆண்டர்ஸ்டபூர்ட்டில் தயாராகும் ஹார்ட்வாட்டர் ரத்தத் தடுப்பூசியும் இந்த இளம் வயதுக் கணக்கை வைத்துத்தான் போடப்படுகிறது. உங்கள் பகுதிக்கு வேண்டுமா என்று மாட்டு டாக்டரிடம் கேளுங்கள். வேறு ஊரிலிருந்து வாங்கிய வளர்ந்த மாடுதான் இங்கே பெரும்பாலும் சாகும்.

கடலோரத்துக்கு மழை ஆபத்தும் உண்டு. 2022 ஏப்ரல் 11, 12 வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. ஈனும் கேம்ப் ஓடைக்கரையில் இருக்கக் கூடாது, பச்சை அங்கேதான் நன்றாக இருந்தாலும்.

வருடம் முழுக்க

காளையைப் பிரிக்கவே வேண்டாம் என்பது சோம்பேறித்தனம் என்று சிலர் பேசுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நான்கைந்து பசு வைத்திருக்கும் வீட்டுக்கு எல்லாம் ஒரே மாதத்தில் ஈன்றால் ஆறு மாதம் பால் வழியும், ஆறு மாதம் கடையில் வாங்க வேண்டும். கோயிலுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பால் கொடுக்கும் வீடு அப்படி இருக்க முடியாது. நான்கு பசுவை வாசலிலிருந்தே பார்த்துவிடலாம், கன்று எப்போது விழுந்தாலும் தெரியும்.

மாட்டின் எண்ணிக்கை இருபதைத் தாண்டும்போதுதான் இது கெடுகிறது. முதல் காரணம் ஆள். வருடத்தின் எல்லா இரவும் விழித்திருக்க யாராலும் முடியாது, அதனால் ஒரு இரவும் விழிக்காமல் போகிறோம். காலையில் போய்ப் பார்க்கும்போது குள்ளநரியோ தெருநாயோ வேலையை முடித்திருக்கும். ஒன்பது வாரம் என்றால் குடும்பம் முறைபோட்டுப் பார்க்கலாம். வசந்தகாலப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளும் கூட நிற்பார்கள்.

இரண்டாவது காரணம் கழிச்சல். கன்றுக் கழிச்சல் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வாரத்தில் வரும். பெரிய கன்று தான் நோயில்லாமல் இருந்துகொண்டே கிருமியைச் சாணத்தில் பெருக்கிவிடும். அதே இடத்தில் நேற்றுப் பிறந்த கன்று வாய் வைக்கும். ஈற்றுக் காலம் நீள நீளக் கடைசிக் கன்றுகளுக்கு ஆபத்து ஏறும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணல்மேட்டுப் பண்ணைகளில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: ஈன்ற பசுவையும் கன்றையும் அங்கேயே விட்டுவிட்டு, இன்னும் ஈனாத பசுக்களை வாரத்துக்கு ஒருமுறை புதிய கேம்ப்புக்கு நகர்த்துவது. கன்றுகள் வயது வாரியாகப் பிரிந்துவிடும். நம் பண்ணையில் அத்தனை கேம்ப் இருக்காது. மூன்று இருந்தாலே போதும், மூன்று வாரத்துக்கு ஒரு கேம்ப். ஆனால் ஈற்றுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தால்தான் இதைச் செய்ய முடியும்.

கழிச்சல் வந்துவிட்டால் பாலை நிறுத்தாதீர்கள். உப்பு-சர்க்கரை எலக்ட்ரோலைட் கரைசலைப் பாலுக்கு நடுநடுவே கொடுங்கள். கண் உள்ளே போய், வாய் குளிர்ந்து, எழ முடியாமல் கிடந்தால் வாய்வழி மருந்து போதாது, நரம்பு வழி நீர் ஏற்ற டாக்டர் வர வேண்டும்.

மூன்றாவது, வேலைகள் சிதறும். கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் புருசெல்லோசிஸ் தடுப்பூசி போட வேண்டும், அது சட்டம். பச்சை குத்தலை ஒரு மாதத்திலிருந்தும் சூட்டுக்குறியை ஆறு மாதத்திலிருந்தும் செய்யலாம். கன்றுகள் ஒரே வயதில் இருந்தால் ஒரு நாளில் முடியும். இல்லாவிட்டால் மாதாமாதம் பட்டிக்கு ஓட்டிவர வேண்டும், ஒன்றிரண்டு எப்படியும் விட்டுப்போகும்.

விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை

நம் வீடுகளில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. கன்றை ஃபீட்லாட்டுக்கு (இறைச்சிக்காகக் கொழுக்க வைக்கும் பட்டி) ஏற்றி அனுப்புவது மனதுக்கு ஒப்பாத குடும்பங்கள் உண்டு, அதை நான் முழுமையாக மதிக்கிறேன். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அக்கம்பக்கத்து ஜூலு குடும்பங்கள் லோபோலாவுக்கும் (மணமகள் வீட்டுக்கு மாடாகக் கொடுக்கும் சீர்) மந்தை பெருக்கவும் நல்ல கிடேரி தேடுகிறார்கள். நுகுனி மாட்டின் நிறத்துக்கும் புள்ளிக்கும் அவர்கள் மொழியில் தனித்தனிப் பெயரே உண்டு. நுகுனிக் கன்று பிறக்கும்போது 25 கிலோ வாக்கில் சிறிதாக இருக்கும், ஈற்றுச் சிரமம் அரிது. ஆள் குறைவான பண்ணைக்கு இதைவிட ஏற்ற இனம் எனக்குத் தெரியாது. போன்ஸ்மாரா கன்று எடை கூடும், நல்ல தாய்மையும் உண்டு, கிடேரிக்கு மட்டும் சிறிய கன்று தரும் காளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிடேரியாக விற்பவர்களுக்கு ஏப்ரல் சந்தை நெரிசல் ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் விலையை மறந்துவிட்டு வசந்த ஈற்றையே எடுக்கலாம்.

மாறுவது எப்படி

இப்போது வருடம் முழுக்க ஈனும் மந்தையை ஒரே வருடத்தில் ஒன்பது வாரத்துக்குள் அடக்க நினைத்தால் நல்ல பசுக்களையும் சேர்த்து இழப்பீர்கள். முதல் வருடம் காளையை நவம்பர் தொடக்கத்தில் விட்டு மார்ச் தொடக்கத்தில் பிரியுங்கள், நான்கு மாதம். அடுத்த வருடம் மூன்று மாதம். அதற்கடுத்த வருடம் ஒன்பது வாரம், அதாவது 21 நாள் சுழற்சி மூன்று. காளையைப் பிரித்து இரண்டு மாதம் கழித்து டாக்டரை வைத்துச் சினை பாருங்கள். வெறுமையாக நிற்பவளை குளிர்காலம் முழுக்க லிக் கொடுத்து வளர்ப்பது நட்டம். கடலோரத்தில் இருப்பவர்கள் அவளை ஜூனில் காளையோடு சேர்த்து மார்ச் ஈற்றுக்குத் தள்ளலாம், ஒரே ஒரு முறை. இரண்டாம் முறையும் தவறினால் விற்றுவிட வேண்டும்.

ஒரு காளைக்கு 25, 30 பசு. மந்தைக்குள் விடும் முன் டாக்டரிடம், இணை சேரும்போது பரவும் விப்ரியோ, டிரைக்கோமோனாஸ் இரண்டுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இந்த இரண்டும் காளையில் வெளியே தெரியாது, பசுக்களில் கருவை அழித்து ஈற்றுக் காலத்தை மாதக்கணக்கில் இழுத்துவிடும். பக்கத்துப் பண்ணையின் காளை வேலி தாண்டி வந்தாலும் அதே ஆபத்துதான். ஆகவே இந்த வருடம் செலவு செய்ய ஒரே ஒரு வேலைக்குத்தான் காசு இருக்கிறது என்றால், காளை நிற்கும் கேம்ப்புக்கும் எல்லைக்கும் ஐந்து கம்பி வேலி போடுங்கள். பிப்ரவரியில் பிரித்த காளை ஏப்ரலில் மந்தையோடு மேய்ந்தால் ஜனவரி இடிமழையில் கன்று விழும்.